மாரிகாலத்துக் காட்டைக் காட்டும் ராடார்: கொப்பர்னிக்கஸ் உலாவி பற்றிய மதிப்பீடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் கொப்பர்னிக்கஸ் திட்டம் இணையத்தில் இலவசமாக வழங்கும் செய்மதிப் பட உலாவியை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் காடுகளில் மரம் வெட்டப்படும் இடங்களை அறிவதற்கு எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற நோக்கில் இங்கு மதிப்பிடுகிறேன். பரந்த அளவில் மரம் வெட்டப்படுவதை அறிய இது மிகச் சிறந்தது. தனி மரங்களைத் தெரிந்து வெட்டும் களவை அறிய இது போதாது.

கார்த்திகை முதல் தை வரை குடும்பிமலைக்கும் கல்லோயாவுக்கும் மேலே முகில் விலகும் நாட்கள் குறைவு என்பதால், சாதாரண ஒளிப்படச் செய்மதிகள் அம்மாதங்களில் பெரும்பாலும் வெள்ளை முகிலையே காட்டுகின்றன. இத்திட்டத்தின் ராடார் செய்மதி வரிசையான சென்டினல்-1 தானே ஏறத்தாழ 5.6 சென்டிமீற்றர் நீளமுள்ள நுண்ணலையை அனுப்பி அதன் எதிரொலியைப் பதிவு செய்வதால் முகிலும் இரவும் அதனைத் தடுப்பதில்லை. இவ்வரிசையின் முதலாவது செய்மதி 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது; ஒரு செய்மதி 12 நாட்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. பழைய படங்களும் உலாவியிலேயே கிடைப்பதால், பல ஆண்டு மாற்றத்தை வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிறது.

நிலைக்குத்தாக அதிரும்படி அனுப்பிய அலையின் எதிரொலியை நிலைக்குத்தாகவே பதியும் விவி (VV), கிடையாகப் பதியும் விஎச் (VH) என்னும் இருவகைப் படங்கள் உலாவியில் உண்டு. காட்டுக்கு விஎச் படத்தையே தெரிவு செய்யவேண்டும். இலைகளிலும் கிளைகளிலும் பட்டுச் சிதறும் அலை விஎச் படத்தில் பிரகாசமாகத் தெரியும். மரங்கள் நீங்கி நிலம் வெளித்ததும் அவ்விடம் இருண்டுவிடும். ஒரே பாதையில், ஒரே திசையிலிருந்து எடுக்கப்பட்ட இரு நாட்களின் படங்களை ஒப்பீட்டு வசதியில் வைத்து நகர்த்திப் பார்த்தால், புதிதாக வெளித்த இடத்தின் ஓரத்தில் எஞ்சிய காட்டின் ராடார் நிழல் கரிய கோடாகவும் தென்படக்கூடும். வெவ்வேறு திசைப் படங்களை ஒப்பிட்டால், வெட்டே நிகழாத மலைச்சரிவிலும் பொய்யான மாற்றம் தெரியும்.

எமது பிரதேசத்தில் கவனிக்கவேண்டியவை வேறும் உண்டு. மழையில் நனைந்த நிலம் எதிரொலியைக் கூட்டுவதால் வெட்டவெளியும் காடு போல ஒளிரலாம். ஆகவே இயன்றவரை மழையற்ற நாட்களின் படங்களை எடுக்கவேண்டும். காட்டோர வயல்களில் பெரும்போகத்துக்கு நீர் தேங்கும்போது படம் கறுப்பாகி, பயிர் வளர வளர வெளுக்கும். அதனைக் காடழிப்பு என்று கொள்ளக்கூடாது. வெட்டிய கிளைகளும் மரத்துண்டுகளும் அகற்றப்படாமல் கிடந்தால் எதிரொலி உடனே குறையாது. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனை நிலத்தில் புதர் மீண்டும் எழுந்தபின் இக்குறுகிய அலை அதனைக் காட்டிலிருந்து எளிதில் பிரித்துக் காட்டுவதில்லை. எனவே வெட்டிய பின் எடுத்த முதற்படங்களே பெறுமதியானவை.

முதிரை, கருங்காலி போன்ற மரங்களை ஆங்காங்கே ஒன்றிரண்டாக வெட்டிச் செல்வதே காட்டுக்குச் செய்யும் பெரும் கேடாக நான் கருதுகிறேன். 10 மீற்றர் கட்டங்களாகத் தரப்படும் இப்படத்தில், ராடாருக்கே இயல்பாகப் படமெங்கும் தெரியும் புள்ளி இரைச்சலுக்குள் அந்த இழப்பு மறைந்துவிடும். காடு அப்படியே இருக்கிறது என்று படம் சொல்லும்போதும் கால்நடையாகச் செல்லும் ரோந்தை நிறுத்தக்கூடாது. அதேபோல, படத்தில் ஒரு கரும்பொட்டு தெரிந்தவுடன் அதனை முகநூலில் காடழிப்பாகப் பகிர்வதையும் நான் ஏற்கவில்லை. அருகில் வாழும் மாட்டுப் பண்ணையாளரும் சேனை செய்வோரும் வீணாகக் குற்றஞ்சாட்டப்படுவர். ஆள்கூறுகளைக் குறித்து, நேரில் சென்று உறுதிசெய்த பின்பே வன இலாகாவுக்கு அறிவிக்கவேண்டும்.

இடைமுகத்தில் தமிழ் இல்லை. கைத்தொலைபேசியைவிடக் கணினியில் பயன்படுத்துவது இலகு. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் புவியியல் கற்கும் மாணவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது. நன்கு பழகியபின், 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அமெரிக்க-இந்திய ராடார் செய்மதியான நைசாரின் 24 சென்டிமீற்றர் அலைத் தரவுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்நீண்ட அலை இலைகளுக்குள் ஊடுருவித் தண்டையும் பெருங்கிளைகளையும் எட்டுவதால், புதருக்கும் முதிர்ந்த காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்டினல்-1 ஐவிடத் தெளிவாகக் காட்டும்.