பழைய வூஃபருக்கு ஃபோம் விளிம்பா, ரப்பர் விளிம்பா?

தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஒலிபெருக்கியான வூஃபரின் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் விளிம்பு, ஈரப்பதத்தாலும் ஒளியாலும் பெரும்பாலும் 15 முதல் 25 ஆண்டுகளுக்குள் பொடிந்துவிடுகிறது. ரப்பர் விளிம்போ அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் ஆயுளை மட்டும் பார்த்து ரப்பரைத் தேர்ந்தெடுப்பது சரியன்று. ஃபோமுக்கென வடிவமைக்கப்பட்ட கூம்பில் கனமான ரப்பரை ஒட்டினால், அசையும் நிறை கூடி ஒலியளவு சற்றுக் குறைவதோடு, கூம்பு இயல்பாக அதிரும் ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் மாறக்கூடுமாதலால், அந்த அதிர்வெண்ணைக் கணக்கிட்டே அமைக்கப்பட்ட பெட்டியின் கொள்ளளவோடு அது பொருந்தாமல் போகலாம். ஆகவே தொடக்கத்தில் எது இருந்ததோ அதையே மீண்டும் பொருத்துவது என் பரிந்துரை. எதை ஒட்டினாலும், பசை இறுகுவதற்கு முன் 30 ஹெர்ட்ஸ் அளவிலான மெல்லொலியைச் செலுத்தி, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் எங்கும் உரசாமல் நடுவில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். பலர் அவசரத்தில் விட்டுவிடும் வேலை இதுதான்.