தேயிலைக்குள் இருக்கும் கஃபீன்: ஜேமோலா, கைமேராஎக்ஸா?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் உயர்தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்ட ஜேமோல் (Jmol), கைமேராஎக்ஸ் (ChimeraX) என்ற இரண்டில் எந்த மென்பொருள் நல்லது? நம் மலைகளின் தேயிலையில் உள்ள கஃபீனையே எடுத்துக்கொள்வோம்.

கஃபீனில் இருப்பது 24 அணுக்கள்தான். அதற்கு ஜேமோல் தாராளம். ஜாவா உள்ள பழைய மடிக்கணினியிலும் பென் டிரைவிலிருந்தே ஓடும். ஓர் அணுவில் இரட்டைச் சொடுக்கு, அடுத்ததில் இன்னொன்று. இடைத்தூரம் திரையில் வந்துவிடும். ஜாவா இல்லாவிட்டால், அதன் சகோதரமான ஜேஎஸ்மோல் உலாவியிலேயே இயங்கும்.

ஆனால் தேநீர் ஏன் தூக்கத்தைக் கலைக்கிறது என்று பிள்ளை கேட்டால், கைமேராஎக்ஸைத்தான் திறப்பேன். புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் இணையத் தொகுப்பான புரதத் தரவு வங்கியில் 3ஆர்எஃப்எம் (3RFM) என்ற குறியீட்டில், அடினோசினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான அடினோசின் ஏற்பியின் குழிக்குள் கஃபீன் அமர்ந்திருக்கும் அமைப்பு இருக்கிறது. தூக்கத்தைத் தூண்டும் அடினோசினுக்கு உரிய இடத்தைக் கஃபீன் அடைத்துக்கொள்கிறது. ஏற்பியின் மேற்பரப்பை வரைந்து, பாதி வெட்டி உள்ளே பார்க்கலாம். இன்னோர் அமைப்பை அதன்மேல் பொருத்தி வேறுபாடும் காணலாம். ஜேமோலிலும் மேற்பரப்பு வரையலாம். ஆனால் இவ்வளவு தெளிவும் வேகமும் வராது.

கைமேராஎக்ஸுக்குச் சில நூறு மெகாபைட் டேட்டா வேண்டும், ஓரளவு புதிய கிராபிக்ஸ் வசதியும் வேண்டும். தோட்டத்துப் பாடசாலைக்கு இது சிறிய தடையல்ல. எனவே வகுப்புக்கு ஜேமோல், பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குக் கைமேராஎக்ஸ் என்பேன். உரிமமும் வேறு: ஜேமோல் முழுத் திறந்த மூலம், கைமேராஎக்ஸ் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே இலவசம்.