வேலை போனால் வீடும் போகுமா? லாங்யர்பியன், யெல்லோநைஃப், கராத்தா

சிங்கப்பூரில் குடும்பம் நடத்துபவரிடம் ஏதாவது தொலைதூர ஊரைப் பற்றி "அது செலவான ஊர்" என்று சொன்னால் சிரிப்பார். கார் வாங்கும் உரிமைக்கே ஒரு காரின் விலையைக் கொடுத்துப் பழகியவர் அவர். ஆனால் தொலைதூர ஊர்களின் செலவு வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. அங்கே கார் மலிவு, கத்தரிக்காய் விலை அதிகம். குளிர் ஊரென்றால் மின்கட்டணத்தைவிட வீட்டைச் சூடாக்கும் கட்டணம் பெரியது. பல்வலிக்கு மருத்துவர் வேண்டுமென்றால் சில சமயம் விமானச்சீட்டு எடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய் முதலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களின் பேச்சில் மூன்று வகை ஊர்கள் அடிபடுகின்றன: விசாவே கேட்காத ஊர், நிரந்தர உரிமை தரும் குளிர் ஊர், பக்கத்திலேயே இருக்கும் சம்பள ஊர். முதல் வகைக்கு நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்திலுள்ள லாங்யர்பியன், இரண்டாவதற்குக் கனடாவின் யெல்லோநைஃப், மூன்றாவதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் கராத்தா. விலைப்பட்டியலை வைத்து ஒப்பிட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கசக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலை, வீடு, தங்கும் உரிமை ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் இருக்கின்றனவா? வேலை அவிழ்ந்தால் மற்ற இரண்டும் சேர்ந்தே அவிழ்ந்துவிடுமா?

விசா இல்லாத ஊரின் பொறி

1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையால் லாங்யர்பியனில் குடியேற விசாவோ வேலை அனுமதியோ தேவையில்லை. வருமான வரி 8 விழுக்காடு. தேசியக் காப்புறுதிப் பங்கைச் சேர்த்தாலும் பெரும்பாலோருக்குச் சுமார் 16தான். மதிப்புக்கூட்டு வரி கிடையாது. இணையக் காணொளிகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன.

சொல்லாமல் விடுவது இதுதான்: அங்கே சமூக உதவி என்று ஒன்று இல்லை. தன்னைத் தானே பராமரிக்க முடியாதவரை வெளியேற்ற ஆளுநர் அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. சுமார் 2,500 பேர் வாழும் ஊரில் பெரும்பாலான வீடுகள் முதலாளிகளுடையவை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டியதுதான். வெளிச்சந்தையில் வாடகை வீடு மிகக் குறைவு. 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகள்மேல் விழுந்து இருவர் இறந்தனர். அதன்பின் மலையடிவாரத்தில் பல வீடுகள் இடிக்கப்பட்டதால் இருப்பு மேலும் சுருங்கியது. ஆகவே "போய் வேலை தேடிக்கொள்ளலாம்" என்ற திட்டம் இங்கே எடுபடாது. வீட்டோடு சேர்ந்த வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் விமானம் ஏறக்கூடாது.

இன்னொரு சிக்கல் வழியில் இருக்கிறது. லாங்யர்பியன், பல ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருந்தாலும் விமானங்கள் ஓஸ்லோ, ட்ரோம்சோ வழியாகத்தான் போகின்றன. சிங்கப்பூர் கடப்பிதழுக்கு ஷெங்கன் பகுதியில் 180 நாளில் 90 நாள் விசாவின்றி இருக்க அனுமதி உண்டு என்பதால் கவலையில்லை. கணவனோ மனைவியோ இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், போகவும் திரும்பவும் சேர்த்துக் குறைந்தது இருமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவோடு போனவர் தீவிலிருந்து வெளியேற வழியின்றி நிற்பார். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்தக் காலம் நார்வேயின் நிரந்தரவாசத்துக்கோ குடியுரிமைக்கோ கணக்கில் வராது. 2022இல் விதி மாறியபின், நார்வே நிலப்பகுதியில் மூன்றாண்டு வாழ்ந்திராத வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் வாக்கும் இல்லை. வாழலாம், வேர்விட முடியாது.

யெல்லோநைஃப் இதற்கு நேரெதிர். நுழைவதுதான் கடினம். அந்த ஊர் இருக்கும் வடமேற்குப் பிரதேசம், நிரந்தரவாசத்துக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் நியமனத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் உள்ளூர் முதலாளி ஒருவர் முழுநேர, நிரந்தர வேலை கொடுக்க முன்வர வேண்டும். 2025இல் கனடா இத்திட்டங்களின் இடங்களை வெகுவாகக் குறைத்ததால் போட்டி கூடியது. முதலில் கிடைப்பது பெரும்பாலும் ஒரே முதலாளியோடு கட்டிய வேலை அனுமதி. அந்தக் காலத்தில் முடிச்சு இறுக்கமாகவே இருக்கும். நிரந்தரவாசம் கைக்கு வந்ததும் முடிச்சு அவிழ்கிறது: வேலை மாறலாம், வேலையில்லாமல் இருக்கலாம், நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். ஐந்தாண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால் அந்த நிலை தொடரும். 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

வைரச் சுரங்கத்தை நம்பி மட்டும் இங்கே போக வேண்டாம். டியாவிக் சுரங்கத்தின் உற்பத்தியை 2026இல் முடிப்பதாக அதன் உரிமையாளர் ரியோ டின்டோ திட்டமிட்டது. அரசு அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, வாகனப் பழுதுபார்ப்பு ஆகியவையே நிலைத்து நிற்கும் வேலைகள்.

கராத்தா இரண்டுக்கும் நடுவில். முதலாளி ஆதரவில் வரும் 482 விசாவில் வேலை போனால், அடுத்த ஆதரவாளரைக் கண்டுபிடிக்க ஒரு தடவைக்கு 180 நாள், மொத்தத்தில் 365 நாள் அவகாசம். 2024 ஜூலைக்கு முன் இருந்த 60 நாளோடு ஒப்பிட்டால் இது பெரிய மூச்சுவிடும் இடம். ஆனால் கராத்தா இருக்கும் பில்பரா பகுதியில் சுரங்க நிறுவனங்கள் வீட்டையும் சேர்த்தே கொடுப்பது வழக்கம். விசாவுக்கு 180 நாள் இருந்தாலும் வீட்டுக்கு அத்தனை நாள் கிடைக்காது. கம்பெனி வீடு இல்லாதவர் கட்டும் வாடகை, சுரங்கச் சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஆடும். 491 வட்டார விசாவில் போனால் முதலாளியின் பிடி இல்லை. குறிக்கப்பட்ட வட்டாரங்களுக்குள் எங்கும் வேலை செய்யலாம், மூன்றாண்டுக்குப்பின் 191 நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். பெர்த் நகரும் 2019 முதல் அந்த வட்டாரங்களுக்குள் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கராத்தா ஒத்துவராவிட்டால் விசாவை இழக்காமல் பெர்த்துக்கு இறங்கிவிடலாம்.

செவிலியருக்கு இன்னொரு சாதகம். சிங்கப்பூரில் பதிவுபெற்ற செவிலியராக 2017 முதல் குறைந்தது 1,800 மணி நேரம் பணியாற்றியிருந்தால், 2025 ஏப்ரலில் ஆஸ்திரேலியா திறந்த விரைவுப் பதிவு வழியில் போகலாம். மின்பணியாளருக்கு இந்தச் சலுகை இல்லை. திறன் மதிப்பீடு, மேற்பார்வையில் வேலை, உள்ளூர் விதிப் பயிற்சி எல்லாம் முடிந்துதான் முழு உரிமம். அதுவரை சம்பளம் விளம்பரத்தில் பார்த்த சம்பளமாக இருக்காது.

குளிர் எதை உடைக்கும், வெயில் எதை உடைக்கும்

யெல்லோநைஃபில் ஜனவரி இரவு மைனஸ் 30 சாதாரணம், மைனஸ் 40 வந்து போகும். அங்கே முதலில் தோற்பது உடம்பில்லை, கார்தான். மின்கலம் வலுவிழக்கும், எஞ்சின் எண்ணெய் தேன்போல் கெட்டியாகும். அதனால் காரின் முன்புறத்தில் ஒரு பிளக் தொங்கும். அது எஞ்சின் சூடேற்றியின் கம்பி. மைனஸ் 15க்குக் கீழே போனால், கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு மின்சாரம் பாயும்படி டைமர் வைப்பார்கள். இரவு முழுக்கச் சொருகி வைப்பது பணவிரயம். எண்ணெய்த் தொட்டிக்கும் மின்கலத்துக்கும் தனித்தனி சூடேற்றிகள், கடுங்குளிரிலும் இளகி ஓடும் 0டபிள்யூ வகைச் செயற்கை எஞ்சின் எண்ணெய், குளிர்கால டயர் எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே கார். பழைய கார் வாங்கும்போது இவை இருக்கின்றனவா என்று பார்த்தபிறகு விலை பேசுங்கள். வாடகை வீட்டில் நிறுத்துமிடத்தில் மின்செருகி இருக்கிறதா என்பதும் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டில் கண்வைக்க வேண்டியது எரிபொருள் தொட்டி. எண்ணெயோ மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளோ தீர்ந்து உலை நின்றால் சில மணி நேரத்தில் குழாய்நீர் உறைந்து குழாய் வெடிக்கும். நகரின் சில பகுதிகளில் குழாய் இணைப்பே இல்லை. லாரி வந்து தண்ணீர் நிரப்பும், கழிவுநீரையும் லாரியே உறிஞ்சிப்போகும். கழிவுத் தொட்டி நிறைந்தால் வீட்டுக்குள் தண்ணீர் பயன்படுத்த முடியாது. பத்து நிமிடக் குளியலுக்குப் பழகிய பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வைக்கலாம்.

சாலை வழி ஒன்றுதான். 2012இல் மெக்கென்சி ஆற்றின்மேல் டெச்சோ பாலம் திறக்கும்வரை, பனி உருகும் வாரங்களில் லாரி வராது, காய்கறி விலை ஏறும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியபோது ஏறக்குறைய 20,000 பேர் வாழும் முழு நகரமும் அதே சாலையிலும் விமானங்களிலும் வெளியேற வேண்டியிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் திரும்பினார்கள். கோடையில் காரில் எரிபொருள் நிரம்பியிருக்கட்டும், வீட்டுக் காப்புறுதியில் வெளியேற்றச் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள்.

லாங்யர்பியனின் குளிர் இதைவிட மிதமானது, கடல்நீரோட்டத்தின் புண்ணியம். அங்கே கடினம் வெளிச்சம்தான். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை சூரியன் எழாது. ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23வரை மறையாது. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடியைத் துரத்தவும் தற்காத்துக்கொள்ளவும் கருவி கையில் இருக்க வேண்டும். நடைப்பயிற்சி என்பதே ஒரு திட்டமிடும் வேலை.

கராத்தாவில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை சூறாவளிக் காலம். ஆஸ்திரேலியக் கட்டட விதிகளில் காற்று வேகத்துக்கான ஆகக் கடுமையான மண்டலத்தில் இந்தக் கடற்கரை வருகிறது. அதனால் கட்டுமானச் செலவும் காப்புறுதியும் கனம். குளிரூட்டி ஆடம்பரம் அல்ல. பழுதானால் அன்றே ஆள் வர வேண்டும், ஆனால் வருவதில்லை. படுக்கையறைக்கு ஒரு தனி அலகு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சமையலறை

மூட்டை கட்டும்போது எல்லாரும் சறுக்கும் இடம் மின்னழுத்தம். சிங்கப்பூர், நார்வே, ஆஸ்திரேலியா மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கை மாற்றினால் மிக்ஸியும் கிரைண்டரும் ஓடும். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயனில்லை. மின்மாற்றி வைத்து ஓட்டினாலும் மோட்டார் வேகம் மாறிச் சூடாகும். 110 வோல்ட் மாடலை டொரோண்டோ தமிழ்க் கடைகளிலிருந்து வரவழைப்பதே மேல்.

இட்லிமாவு 20 டிகிரி அறையில் இரவோடு இரவாகப் புளிக்காது. அடுப்பை எரிக்காமல் ஓவன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் போதும். கராத்தாவில் இதற்கு நேர்மாறான தொல்லை. நாலைந்து மணி நேரத்தில் பொங்கி வழியும். கறிவேப்பிலை, விதைகள், பச்சைப் பொருள்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக முயல வேண்டாம், சிக்கினால் அபராதம். பெர்த்தில் கன்று வாங்கி நட்டால் பில்பரா வெயிலில் நன்றாகவே வளரும்.

மருத்துவமும் பள்ளியும்

லாங்யர்பியனில் பேறுகாலத்துக்கு இடமில்லை. கர்ப்பிணிகள் சுமார் மூன்று வாரம் முன்பே நிலப்பகுதிக்குப் போக வேண்டும். பள்ளி நார்வேஜிய மொழியில். கூடுதல் கவனம் தேவைப்படும் பிள்ளைக்கு வசதி எதிர்பார்க்க முடியாது. யெல்லோநைஃபில் 2019இல் புதிய கட்டடத்துக்கு மாறிய ஸ்டான்டன் மருத்துவமனை அன்றாடத் தேவைகளைப் பார்க்கும், பெரிய சிகிச்சைக்கு எட்மன்டனுக்கு அனுப்புவார்கள். கராத்தாவில் 491 விசாவுக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்புறுதி உண்டு, 482க்குக் கிடையாது. சிங்கப்பூருடன் ஆஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர மருத்துவ ஒப்பந்தம் இல்லாததால் தனியார் காப்புறுதியைச் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

வரிச்சலுகைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். கனடாவின் வடபகுதிக் கழிவு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 22 டாலர். அது வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து கழிவது. ஆஸ்திரேலியாவின் தொலைதூர மண்டலத் தள்ளுபடி அதைவிடவும் சிறியது.

சிங்கப்பூரில் விட்டுப்போவது

பெரும்பாலான கணக்குகள் இங்கேதான் தவறுகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுதாக வாடகைக்கு விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிந்திருக்க வேண்டும். பிளஸ், பிரைம் எனப்படும் வீவக வகைகளை எப்போதுமே முழுதாக வாடகைக்கு விட முடியாது. நிரந்தரவாசிகளுக்கு முழுவீட்டை வாடகைக்கு விடும் உரிமையே இல்லை. நீங்கள் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி 2024 முதல் ஆண்டு மதிப்பில், அதாவது மதிப்பிடப்பட்ட ஆண்டு வாடகையில், 12 விழுக்காட்டில் தொடங்குகிறது. சிங்கப்பூர் வரிவாசியாக இல்லாமல் போனால் வாடகை நிகர வருமானத்துக்கு 24 விழுக்காடு வருமான வரி. அதே வாடகையைக் கனடாவும் தன் வரிப்படிவத்தில் கேட்கும். இரட்டை வரி ஒப்பந்தத்தின்கீழ் ஈடுசெய்து கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாக்காரரின் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் வரி இல்லை. கராத்தாவுக்குச் சாதகமான ஒரு புள்ளி.

மசேநிதியை (மத்திய சேமநிதியை) புதுவாழ்வுக்கான முதலாக எண்ண வேண்டாம். வெளிநாட்டில் வேலை செய்வதால் மட்டும் அதை எடுக்க முடியாது. 55 வயதுக்கு முன் என்றால், குடியுரிமையையோ நிரந்தரவாசத்தையோ துறந்து நிரந்தரமாக வெளியேறினால்தான் பொதுவாகக் கைக்கு வரும். மெடிஷீல்டு லைஃப் என்னும் கட்டாய மருத்துவக் காப்புறுதியின் சந்தாவும் ஓடிக்கொண்டே இருக்கும். நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி காலாவதியான நிலையில் வெளியே இருந்து, 180 நாளுக்குள் புதியதற்கு விண்ணப்பிக்காவிட்டால் நிரந்தரவாசமே போய்விடும். அது போனால் திரும்பும் வழி அடைபட்டது என்று பொருள், ஆகவே லாங்யர்பியன் போன்ற ஊர் அவர்களுக்கு இரட்டை ஆபத்து.

சிங்கப்பூரின் தேசிய சேவைக்குக் கடமைப்பட்ட, 13 முதல் 16½ வயதுக்குட்பட்ட மகன் இருந்தால், மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க வெளியேறும் அனுமதி வேண்டும். இரண்டாண்டோ அதற்கு மேலோ என்றால் 75,000 சிங்கப்பூர் வெள்ளி அல்லது பெற்றோரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது பிணைத்தொகை. பெற்றோரின் வேலை ஒப்பந்தத்தை இணைத்துப் பிணைவிலக்குக் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தை வீட்டை வாடகைக்கு விடுவதற்கு முன்பே போடுங்கள். பதில் வந்தபிறகு மகனோடு எந்த ஊருக்குப் போவது என்பதே மாறக்கூடும்.