கன அளவா, சுழற்சி வேகமா? டர்போ இல்லாத எஞ்சினைச் சாலைக் காருக்காகக் கட்டும் இரு வழிகள்

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லாத எஞ்சின் வளிமண்டல அழுத்தத்தை மட்டுமே நம்பிக் காற்றை இழுத்துக்கொள்வதால், நன்றாகக் கட்டினாலும் கன அளவில் (சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவில்) லிட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத்தான் பொதுவாக எதிர்பார்க்கலாம். குதிரைத்திறனோ முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆகவே திறனைக் கூட்ட விரும்புபவர் முக்கியமாக இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: கன அளவைக் கூட்டுவது, அல்லது அதே முறுக்குவிசையை இன்னும் உயர்ந்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சிகள்) வரை தாங்கிப் பிடிப்பது. நாள்தோறும் ஓட்டும் காருக்கு முதல் வழியே ஏற்றது என்பது என் கருத்து.

இரண்டையும் ஒரே காரில் வைத்துப் பார்க்க ஹோண்டா எஸ்2000 உதவுகிறது. அதன் முதல் எஞ்சின் 1,997 சிசி. 9,000 ஆர்பிஎம் வரை சுழன்றாலும், உச்ச முறுக்குவிசையான 208 நியூட்டன் மீட்டர் 7,500-ல்தான் கிடைத்தது. 2004-ல் வட அமெரிக்கச் சந்தைக்காக ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரத்தை) 84 மில்லிமீட்டரிலிருந்து 90.7 ஆக நீட்டி, 2,157 சிசி ஆக்கினார்கள். சுழற்சி வரம்பு குறைந்தது, குதிரைத்திறன் 240 என்றே நின்றது. முறுக்குவிசை மட்டும் ஏறத்தாழ 220-க்கு உயர்ந்ததோடு, முன்னதாகவே உச்சத்தைத் தொட்டது. காகிதத்தில் அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றத்தின் பயன், கியரைக் குறைக்காமலே முந்திச் செல்ல முயலும்போது தெரியும்.

உயர் ஆர்பிஎம் வழியின் உயிர்நாடி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் கேம், உயர் வேகத்தில் சிலிண்டரை நன்கு நிரப்புகிறது. குறைந்த வேகத்திலோ, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த காற்று-எரிபொருள் கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் திருப்பித் தள்ளிவிடுகிறது. இன்டேக் வால்வும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமும் நீள்வதால் ஐட்லிங் தடுமாறுகிறது, பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடமும் குறைகிறது. குறைந்த வேகத்தில் வரும் இந்த முறுக்குவிசை இழப்பில் ஒரு பங்கை உயர்ந்த கம்ப்ரஷன் விகிதத்தால், அதாவது கலவையை இன்னும் இறுக்கி அழுத்தும் பிஸ்டனால், ஈடுகட்டலாம் என்பதால், கேமையும் பிஸ்டனையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது வீண் செலவு. 10:1-லிருந்து 11:1-க்குப் போவதால் மட்டும் கோட்பாட்டளவில் கிடைக்கும் ஆதாயம் இரண்டு மூன்று சதவீதமே. பெட்ரோலின் ஆக்டேன் போதாவிட்டால் நாக்கிங் (கலவையின் ஒரு பகுதி தானாகவே தீப்பற்றி வெடிப்பது) அதையும் விழுங்கிவிடும்.

ஆயுள் கணக்கும் உண்டு. அசையும் பாகங்களின் நிலைமவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வரம்பை 6,500-லிருந்து 8,000-க்கு உயர்த்தினால் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். வால்வு ஸ்பிரிங், கனெக்டிங் ராடு, அதன் போல்ட் என எல்லாவற்றையும் மாற்ற நேர்வது இதனால்தான். கன அளவு வழியும் இலவசமன்று: சிலிண்டரை அகலமாக்கினால் சுவர் மெலிகிறது, ஸ்ட்ரோக்கை நீட்டினால் அதே ஆர்பிஎம்மில் பிஸ்டன் வேகமும் பக்கவாட்டு அழுத்தமும் கூடுகின்றன.

சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் மடல்) வைப்பது, கேட்க இனிமையாக இருந்தாலும், சாலைக் காருக்கு ஆடம்பரமே. காற்று உட்செல்லும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டின் அழுத்த அளவீடு நிலையற்றதாகிவிடுவதால், த்ராட்டில் கோணத்தை வைத்து எரிபொருள் அளவை நிர்ணயிக்கும் மேப்பை எழுத வேண்டியிருக்கும்.

பிளாக்கில் கன அளவைக் கூட்ட இடமே இல்லையென்றால் உயர் ஆர்பிஎம் வழியே மிஞ்சும். அப்போது வால்வு திறந்து மூடும் நேரம் வேகத்துக்கேற்ப மாறும் சிலிண்டர் ஹெட்டைத் தேர்ந்தெடுப்பதும், அதே சாலை வேகத்தில் எஞ்சின் கேமின் வீச்சுக்கு நெருக்கமாகச் சுழலும்படி ஃபைனல் டிரைவைக் (சக்கரங்களுக்குச் செல்லும் கடைசிக் கியர் விகிதத்தை) குட்டையாக்குவதும், கேமுக்கான பணத்தோடு சேர்த்தே ஒதுக்கப்பட வேண்டிய செலவுகள்.