மொட்டைத் திருகாணியா, தலையுள்ள திருகாணியா?

இருபது ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன் நான். லண்டனில் வேப் கருவிக்கு, அதாவது மின் சிகரெட்டுக்கு, மாறி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகளாகக் காயிலை, அதாவது திரவத்தை ஆவியாக்கும் சூட்டுக் கம்பிச் சுருளை, நானே சுற்றிக் கட்டிக்கொள்கிறேன். இதற்காக இரண்டு அட்டமைசர்கள் வாங்கினேன்: காயிலும் திரவமும் இருக்கும் பாகம் அது, காயிலை அதற்குள் பிடித்து வைப்பது திருகாணி. ஒன்று இழுப்பறைக்குள் கிடக்கிறது. மற்றது இதை எழுதும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எது ஜெயித்தது என்பதைக் கடைசி வரை மூடி வைக்க எனக்குப் பொறுமை இல்லை: தலையுள்ள திருகாணி ஜெயித்தது. ஜெயித்ததற்குக் காரணம் சுவையும் அல்ல, புகையும் அல்ல. திருகாணியேதான்.

முதலில் ஒரு வார்த்தை. சிகரெட் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இதை ஒரு பொழுதுபோக்காகத் தொடங்க வேண்டாம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி மின் சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். ஆகவே ஊரில் இருக்கும் உறவினருக்கு வாங்கி அனுப்பலாமா என்ற யோசனையும் வேண்டாம். பிரிட்டனில் சட்டப்படி கிடைக்கிறது: தொட்டி 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, நிகோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைக்கு 2025 ஜூன் 1 முதல் இங்கே தடை. அதற்குப் பிறகுதான் என் நண்பர்கள் இருவர் "காயில் கட்டுவது கடினமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஆலையில் செய்த காயிலை வாங்கி மாட்டுவதா, நாமே கட்டுவதா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் நிற்கப் போவதில்லை. 30 அடி கம்பிச் சுருள் ஒன்று வாங்கினால் 9 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு காயிலுக்கு 10 சென்டிமீட்டர் என்று தாராளமாக வெட்டினாலும் 90 காயில் வரும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது எந்தத் தளத்தில் கட்டுவது என்பதுதான்.

தளம் என்று நான் சொல்வது அட்டமைசரின் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினால் தெரியும் சின்ன வட்டத் தட்டை. காயிலின் இரண்டு கால்களும், அதாவது கம்பியின் இரு முனைகளும், அங்கேதான் பிடிபடுகின்றன: ஒன்று நேர் முனையில், ஒன்று எதிர் முனையில். நான் பார்த்த இரண்டு வகைகளில் ஒன்று துளைத் தளம். காலைத் துளைக்குள் விட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு மொட்டைத் திருகாணியை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். தலை கிடையாது, உடம்பு முழுவதும் மரை, உச்சியில் ஓர் அறுகோணக் குழி, அவ்வளவுதான். மற்றது கேஃபன் லைட் என்ற அட்டமைசரின் பாணியில் வந்த தளம். அதில் குடை போலத் தலை விரிந்த திருகாணி மேலிருந்து இறங்குகிறது. கம்பியை அதன் கழுத்தில் சுற்றி, தலைக்கு அடியில் நசுக்கிப் பிடிக்க வேண்டும்.

சுவையில் இரண்டுக்கும் என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் இழுப்பது சிகரெட் இழுப்பு, அதாவது முதலில் வாயில் வாங்கிப் பிறகு நெஞ்சுக்குள் இறக்குவது. அதற்கு இரண்டுமே போதும். காற்றுத் துளைக்கு நேராகக் காயில் அமர்ந்ததா, காயிலுக்குத் திரவத்தை உறிஞ்சித் தரும் பஞ்சு அளவாக இருக்கிறதா என்பதுதான் சுவையைத் தீர்மானிக்கிறது. ஒழுகுவதும் அப்படியே. பஞ்சைக் குறைவாக வைத்தால் இரண்டும் ஒழுகும். திணித்து வைத்தால் இரண்டும் தீய்ந்த வாடை அடிக்கும்.

என் காயில் மிகச் சாதாரணமானது. காந்தால் என்ற உலோகக் கலவையில் 28 கேஜ் கம்பி, அதாவது 0.32 மில்லிமீட்டர் தடிமன். 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோலின் மேல் ஆறு சுற்று. மின்தடை ஏறக்குறைய 1.1 ஓம் வரும். 12 முதல் 14 வாட்டில் ஓட்டுகிறேன். அதே அளவில் நிக்ரோம் 80 கம்பியைச் சுற்றினால் 0.8 ஓம் பக்கம் வரும், சீக்கிரம் சூடேறும். வெப்பக் கட்டுப்பாடு வேண்டுமென்றால் 316எல் எஃகுக் கம்பி. சூடேறும்போது அதன் மின்தடை கூடுவதால் கருவி அதை வைத்து வெப்பத்தைக் கணிக்கிறது. காந்தாலில் அந்த மாற்றம் மிகச் சொற்பம். எந்தக் கம்பியானாலும் கட்டி முடித்ததும் ஓம் பார்க்காமல் இழுக்கக் கூடாது. எண் ஓர் இடத்தில் நிற்காமல் ஆடினால் ஏதோ ஒரு திருகாணி இளகியிருக்கிறது என்று பொருள்.

இனித் திருகாணிக்கு வருகிறேன்.

முதலில் வாங்கியது துளைத் தளம்தான். பார்க்க அழகு. கம்பியை நுழை, இறுக்கு, முடிந்தது என்று விளம்பரப் படத்தில் தெரிந்தது. உண்மையில் அங்கே முதல் தலைவலி காலின் நீளம். தூண் இல்லாத தட்டையான துளைத் தளத்தில் காலை முதலிலேயே சரியான அளவுக்கு வெட்டிக்கொண்டுதான் உள்ளே விட முடியும். அரை மில்லிமீட்டர் கூடினால் காயில் காற்றுத் துளைக்கு மேலே எம்பி நிற்கும். குறைந்தால் திருகாணி கம்பியைத் தொடாது. அளந்து வெட்டுவதற்கென்றே படிக்கட்டு வடிவத்தில் ஒரு சின்ன உலோக அளவுகோல் விற்கிறார்கள். வாங்கினேன். அது உதவியது என்பதை மறுக்கவில்லை.

இரண்டாவது தலைவலி மெல்லிய கம்பி. துளை தடித்த கம்பிக்காகக் குடையப்பட்டது. அதற்குள் 0.32 மில்லிமீட்டர் கம்பியை விட்டால், மொட்டைத் திருகாணியின் முனை வந்து நடுவில் அழுத்தும்போது கம்பி வழுக்கிச் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும் என்று இறுக்குவோம். முனை குழிந்த திருகாணியாக இருந்தால் அதன் விளிம்பு கம்பியை நறுக்கென்று வெட்டிவிடும். காயிலைக் கழற்றி மறுபடி சுற்ற வேண்டும்.

இவை இரண்டும் பழகினால் தீரும் தொல்லைகள். மூன்றாவது பழகித் தீருவதல்ல.

அறுகோணக் குழி என்பது ஆறு மெல்லிய விளிம்புகளை நம்பி நிற்கும் ஒரு சமாச்சாரம். எம் 2.5, அதாவது 2.5 மில்லிமீட்டர் மரையுள்ள மொட்டைத் திருகாணிக்கு 1.3 மில்லிமீட்டர் ஆலன் கீ. எம் 2 என்றால் வெறும் 0.9 மில்லிமீட்டர். இந்த அளவில் ஆலன் கீ முனை கொஞ்சம் தேய்ந்தாலே போதும், அது குழிக்குள் வழுக்க ஆரம்பிக்கும். அளவுக் குழப்பம் வேறு. அங்குலக் கணக்கில் 0.05 அங்குலக் கீ ஒன்று உண்டு, அது 1.27 மில்லிமீட்டர். 1.3 குழிக்குள் அது அழகாக இறங்கும், சரியானது போலவே தெரியும். அந்த 0.03 மில்லிமீட்டர் இடைவெளி முப்பதாவது தடவை திருப்பும்போது குழியை வட்டமாக்கிவிடும். என் பெட்டியில் இரண்டு கீகளும் கலந்து கிடந்தன என்பதை மிகவும் தாமதமாகக் கண்டுபிடித்தேன்.

ஆனாலும் என் தளத்தைக் கொன்றது கீ அல்ல, இனிப்பு. வேப் திரவத்தில் இனிப்புச் சேர்த்திருந்தால் அது காயிலின் சூட்டில் பாகு போலக் கருகி எங்கும் ஒட்டுகிறது. திருகாணியின் குழிக்குள்ளும் போய் அடைந்து கெட்டியாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கீயை வைக்கிறோம், உள்ளே போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் குழியின் மேல் பாதியில்தான் அது பிடித்துக்கொண்டிருக்கிறது. திருப்பினால் அந்த மேல் பாதி விளிம்பு மழுங்குகிறது. துளைத் தளம் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே ஆலோசனை இதுதான்: திருகாணியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு குண்டூசியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கீ அடி வரை இறங்கியதா என்று விரலால் உணருங்கள். எனக்கு இதை எட்டாவது மாதத்தில்தான் சொல்லித் தந்தார்கள். அதற்குள் ஒரு திருகாணி வட்டமாகிவிட்டது.

வட்டமான மொட்டைத் திருகாணியைக் கழற்றுவது எப்படி? இங்கேதான் முழு வழக்கும் தீர்கிறது. அதற்குத் தலை இல்லை. முழு உடலும் தளத்துக்குள் புதைந்திருக்கிறது. குறட்டால் பிடிக்க விளிம்பு இல்லை. ரப்பர் பேண்டைக் குழி மேல் வைத்துத் திருப்பச் சொன்னார்கள். அது பெரிய திருகாணிக்கான வித்தை, இங்கே கிழிந்ததுதான் மிச்சம். கொஞ்சம் பெரிய, நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனையைக் குழிக்குள் தட்டி இறக்கித் திருப்பச் சொன்னார்கள். செய்தேன். திருகாணி அசையவில்லை, நேர் முனைக்கு அடியில் இருந்த மின்காப்பு வளையம்தான் அசைந்தது. அத்துடன் விட்டுவிட்டேன். ஓர் உழுந்து அளவுகூட இல்லாத இரும்பு, முப்பது பவுண்டு பொருளை இழுப்பறைக்கு அனுப்பிவிட்டது. விற்கலாமா என்று பார்த்தேன். பழைய அட்டமைசர் வாங்குபவர்கள் முதலில் கேட்பது தளத்தின் படத்தைத்தான். மரை கழன்றவன் என்று ஒருவனைச் சொல்லலாம். மரை கழலாத திருகாணியை எவனிடமும் விற்க முடியாது.

இப்போது தலையுள்ள தளத்தைப் பாருங்கள். தலையில் நேர்க் கீறலோ கூட்டல் குறியோ இருக்கும். சரியான அகலமுள்ள திருப்புளியைப் பிடித்தால் முழுக் கீறலும் பிடி கொடுக்கிறது. பாகு அடைத்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரே இழுப்பில் சுரண்டிவிடலாம். கீறல் மழுங்கினால் மெல்லிய அரத்தால் ஆழப்படுத்தலாம். அதுவும் போனால் தலையின் ஓரத்தைச் சின்னக் குறட்டால் கவ்வித் திருப்பலாம். போன குளிர்காலத்தில் நானே அப்படி ஒன்றைக் கழற்றினேன். இரண்டு நிமிட வேலை. கழற்றியதைக் குப்பையில் போட்டுவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினேன். ஆம், பை. என் தளத்தில் இருப்பது எம் 2 மரை, நான்கு மில்லிமீட்டர் நீளம். பொம்மை ரயில், ட்ரோன் பாகங்கள் விற்கும் கடையில் இருபதாகக் கட்டி விற்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் நான்கு செலவாகியிருக்கின்றன. மொட்டைத் திருகாணியும் கடையில் கிடைக்கும்தான், ஆனால் பழையது வெளியே வந்தால்தானே புதியதற்கு வேலை?

கட்டுவதில் ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. கம்பியைத் திருகாணியின் கழுத்தில் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், கடிகார முள் போகும் திசையில். திருகாணி இறுகும் திசையும் அதுதான் என்பதால் தலை கம்பியைத் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இடஞ்சுழியாகச் சுற்றினால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே பிதுங்கும். முதல் வாரம் இது தெரியாமல் திருகாணியைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலை முன்கூட்டி அளக்க வேண்டியதில்லை. இறுக்கிவிட்டு மிச்சத்தைத் தலையோரமாக நறுக்கினால் போதும். நறுக்கிய முனை தொப்பியின் உட்சுவரைத் தொடாமல் இருக்க வேண்டும், தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான். பிறகு பஞ்சு வைக்காமல் குறைந்த வாட்டில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுச் சூடேற்றி, காயில் நடுவிலிருந்து இருபுறமும் சீராகச் சிவக்கிறதா என்று பார்க்கிறேன். எங்காவது ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் பீங்கான் முனை இடுக்கியால் தடவி நெருக்குகிறேன். ஆறியதும் திருகாணிகளை இன்னொரு முறை, கட்டைவிரலும் இரண்டு விரலும் தரும் பலத்தில் மட்டும் இறுக்குகிறேன். சூட்டில் விரிந்து சுருங்கியதில் எப்போதும் கால்வாசித் திருப்புக்கு இடம் கொடுக்கும்.

குறையே இல்லையா? இருக்கிறது. தலையுள்ள திருகாணி முழுதாகக் கழன்று கையில் வந்துவிடும், தரையிலும் விழும். விழுந்ததைக் காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தரைவிரிப்பு முழுவதும் காந்தத்தை உழுதேன். இந்தத் திருகாணிகளில் பெரும்பாலானவை 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு. காந்தம் அதை அநேகமாகச் சட்டை செய்வதில்லை. இப்போது வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல்தான் எல்லா வேலையும். மொட்டைத் திருகாணியை முழுதாகக் கழற்றத் தேவையில்லை, இரண்டு திருப்பு இளக்கினால் போதும். அந்த வசதியை நான் இழந்திருக்கிறேன்.

தடித்த கம்பி கட்டுபவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாது. ஒரு கம்பியின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றிச் செய்த கிளாப்டன் போன்றவற்றைத் திருகாணியின் கழுத்தில் சுற்ற முடியாது. சுற்றினால் மேல் சுற்றுக் கம்பி பிரிந்துவிடும். இரட்டைக் காயில் என்றால் நான்கு கால்கள், அதற்குத் துளைத் தளம்தான் இயல்பான இடம். நான் கிளாப்டன் கட்டியது மொத்தம் மூன்று முறை, எல்லாமே அந்தப் பழைய தளத்தில். அப்போது கம்பி வழுக்கவில்லை, வெட்டுப்படவில்லை, அந்த மூன்று முறையும் தளம் நன்றாகவே நடந்துகொண்டது. வாரம் ஒருமுறை அப்படிக் கட்டுபவருக்குக் குழி எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

திருகாணிக்குப் பெரிய வேலையே இல்லாத வகையும் இருக்கிறது. வோட்டோஃபோ புரொஃபைல் போன்ற அட்டமைசர்களில் காயிலுக்குப் பதிலாக இருக்கும் வலைத் தகட்டை ஸ்பிரிங் கவ்விகள் பிடித்துக்கொள்கின்றன. நண்பர் ஒருவர் தன்னுடையதை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். தகட்டை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அது நெஞ்சு நிறைய இழுப்பவர்களுக்கானது. என் திரவத்தை ஒரே மாலையில் குடித்துத் தீர்த்துவிட்டது, எனக்கு இருமலும் வந்தது. ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன். இன்னும் தளரவில்லை என்றார்.