ஸ்கை தீவுக்கு மூன்று நாள் குழுப் பயணம்: தீவில் கிடைத்தது ஒரு பகல்

எடின்பரோவிலிருந்து ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்கு வழிகாட்டியுடன் போய்வரும் மூன்று நாள் சிற்றுந்துப் பயணம் ஒன்றில், செப்டம்பர் முதல் வாரத்தில் நானும் என் அம்மாவும் கலந்துகொண்டோம். எனக்கு இங்கே வண்டி ஓட்டும் உரிமம் உண்டு. இருந்தும் வாடகைக் கார் எடுக்காததற்குக் காரணம், அத்தீவின் சாலைகளைப் பற்றி நண்பர்கள் சொல்லியிருந்ததுதான். பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான் இருக்கும். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் பக்கத்திலுள்ள ஒதுங்குமிடம் வரை பின்னாலேயே போக வேண்டும். ஓரத்தில் இறங்கினால் சதுப்பு. அறுபத்தெட்டு வயது அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சோதனையில் இறங்க எனக்குத் துணிவில்லை. கட்டணம் ஒருவருக்கு இருநூற்றைம்பது பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் வண்டியும் வழிகாட்டியும் மட்டுமே அடக்கம். தங்கும் அறை, சாப்பாடு, கோட்டை நுழைவுச்சீட்டு எல்லாம் தனிச் செலவு என்பதை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் "மூன்று நாள்" என்பதைப் பிரித்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும், நான் போடவில்லை. எடின்பரோவிலிருந்து தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீக்கு ஓட்டம் மட்டுமே ஏறத்தாழ ஆறு மணி நேரம். காலை எட்டரைக்குப் புறப்பட்ட நாங்கள் வழியில் நின்று நின்று போர்ட்ரீயில் இறங்கியபோது மாலை ஆறரை ஆகியிருந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பதுக்கெல்லாம் வண்டி திரும்பப் புறப்பட்டுவிட்டது. ஆக, தீவுக்கென்று மிஞ்சியது நடுவிலிருந்த ஒரு பகல். விளம்பரத்தின் உச்சியில் பெரிதாக இருந்தது நீஸ்ட் முனையின் கலங்கரை விளக்கம். 1909-இல் கட்டப்பட்டு, தீவின் மேற்குக் கோடியில் கடலுக்குள் நீண்ட பாறை நாக்கின்மேல் நிற்கும் அந்த விளக்கைப் பார்த்துத்தான் அம்மா "இங்கேயே போவோம்" என்றார். அந்த ஒரு பகலில் நீஸ்ட் முனைக்கு இடமே இல்லை. எங்கள் பயணத் திட்டத்திலும் அது இல்லை என்பது முதல் நாள் மதியம் நான் கேட்டபோதுதான் தெரிந்தது.

போகும் வழியைக் குறை சொல்ல மாட்டேன். 1692 பிப்ரவரி 13 அன்று, தங்கள் வீடுகளில் விருந்தாளிகளாகத் தங்கியிருந்த அரசுப் படையினராலேயே மக்டொனால்ட் குலத்தார் கொல்லப்பட்ட கிளென்கோ பள்ளத்தாக்கில் மழை சாரலாக விழுந்துகொண்டிருந்தது. இருபுறமும் மலைகள் சாலையை நெருக்கிக்கொண்டு நின்ற அந்த இடத்தில் வழிகாட்டி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் பேசாமலே ஓட்டினார். மூன்று கடற்கழிகள் கூடும் இடத்திலுள்ள எலன் டோனன் கோட்டையில் முக்கால் மணி நேரம் தந்தார்கள், அது போதும். காலண்டர் படங்களில் காணும் அந்தக் கோட்டை 1719-இல் அரசின் போர்க்கப்பல்கள் சுட்டதில் இடிந்து, இருநூறு ஆண்டுகள் இடிபாடாகவே கிடந்து, 1932-இல் முடிந்த திருப்பணியில் மறுபடி எழுந்தது என்பதை வழிகாட்டி மறைக்காமல் சொன்னார். அங்கிருந்து சிறிது நேரத்தில் ஸ்கை பாலம் வந்துவிடுகிறது. 1995-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் வாங்கிய சுங்கத்தை எதிர்த்துத் தீவு மக்கள் பல ஆண்டுகள் போராடி, 2004-இல் அதை நீக்கவைத்தார்கள்.

இந்தப் பயணத்தில் நாம் காசு கொடுத்து வாங்கும் சரக்கு இடங்கள் அல்ல, வழிகாட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர், ஓட்டுநரும் அவரே. வழியில் வந்த ஊர்ப்பெயர்களை அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டிய விதம் இப்போதும் நினைவில் நிற்கிறது. 1266-ஆம் ஆண்டு பெர்த் உடன்படிக்கை வரை இத்தீவுகள் நார்வே மன்னரின் ஆளுகையில் இருந்தன. எனவே கார்போஸ்ட், ஸ்கேபோஸ்ட் என்று முடியும் பெயர்களில் நார்வேக்காரர்களின் பண்ணையும், ட்ராட்டர்னிஷ் என்பது போல 'னிஷ்' என்று முடியும் பெயர்களில் கடல்முனையும் ஒளிந்திருக்கின்றன. மலைகளின் பெயர்களில் பெரும்பாலானவை இத்தீவின் பழைய மொழியான கேலிக். நம் ஊரில் பட்டி, குறிச்சி, துறை என்ற ஈறுகளை வைத்தே நிலத்தைச் சொல்லிவிடுவதைப் போன்றது இது. பதினாறு பேர் அமர்ந்த வண்டியில் இரண்டு மணி நேரம் யாரும் கைபேசியைத் தொடவில்லை என்றால் பேச்சு எப்படியிருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கைகளை நாள்தோறும் மாற்றி அமரவைத்ததால் சன்னல் ஓரத்துக்குச் சண்டையும் எழவில்லை.

குறையெல்லாம் இரண்டாம் நாள் வந்தது. திட்டத்தில் "ஸ்டார் முதியவர் பாறைக்கு நடை" என்றிருந்தது. ட்ராட்டர்னிஷ் மலைத்தொடரில் சுமார் 50 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கும் கூரிய பாறை அது. ஏறத்தாழ ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய எரிமலைக் குழம்பின் கனத்தை அடியிலிருந்த பழைய படிவுப் பாறைகள் தாங்காமல் சரிந்ததில், மலையின் விளிம்பே சீவியெடுத்தாற்போல் உடைந்து இறங்க, நிமிர்ந்து நின்றுவிட்ட துண்டுகளில் இது ஒன்று. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறி இறங்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஐம்பது நிமிடம். அம்மாவை வண்டியில் விட்டுவிட்டு நான் மட்டும் மூச்சிரைக்க ஏறினேன். பாறையின் அடிப்பகுதி மட்டும் மூடுபனிக்குள் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். குழுவிலிருந்த இரண்டு இளைஞர்கள் விடாப்பிடியாக உச்சிவரை போய், இருபத்தைந்து நிமிடம் தாமதித்து, முழங்கால் வரை சேற்றோடு வந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. "நடை" என்று எழுதிவிட்டு நடப்பதற்கான நேரத்தைக் கொடுக்காதவர்கள்மேல்தான் கோபம்.

அந்த இருபத்தைந்து நிமிடம் அடுத்தடுத்த இடங்களைத் தின்றது. கில்ட் பாறையில் கால்மணி நேரம்தான் நின்றோம். ஆண்கள் அணியும் கில்ட் பாவாடையின் மடிப்புகளைப் போல் இருப்பதால் அந்தப் பெயர். எங்கள் கண்ணுக்கு இஸ்திரி போட்ட சேலைக் கொசுவம். பக்கத்திலேயே மீல்ட் அருவி சுமார் 55 மீட்டர் உயரத்திலிருந்து நேரே கடலில் விழுகிறது. அன்றைய காற்றுக்கு அதில் பாதி மேலேயே திரும்பி எங்கள் முகத்தில் அடித்தது. குடை கொண்டுவந்தவர்கள் அங்கேயே குடையை இழந்தார்கள். இத்தீவுக்கு வருகிறவர்கள் தலைமூடி உள்ள மழைச்சட்டையை மட்டும் நம்புவது நல்லது. அடுத்து குவிரேங். இன்னமும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் நிலச்சரிவு அது. அதனால் அடிவாரத்துச் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது. வளைந்தேறும் ஒற்றைச் சாலையில் நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது வண்டி நிறுத்துமிடம் நிரம்பி, படுக்கை வசதி கொண்ட வாடகை வேன்கள் ஒதுங்குமிடங்களையும் பிடித்துக்கொண்டு நின்றன. பத்து நிமிடம் காத்துப் பார்த்த வழிகாட்டி, சன்னல் வழியே எல்லாரையும் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

திருப்பிய வண்டி வடமுனையைச் சுற்றிக்கொண்டு, திட்டத்தில் இல்லாத கில்ம்யூருக்குப் போனது. இந்த மூன்று நாளில் மிகச் சிறந்த ஒன்றரை மணி நேரம் அதுதான். அங்கே பழைய ஓலைக்கூரை வீடுகளை அப்படியே வைத்துத் தீவு வாழ்க்கை அருங்காட்சியகமாக நடத்துகிறார்கள். சுவர்கள் கைமுழம் ஆழத்துக்கும் மேலான கல். கூரையின்மேல் கயிற்று வலை. கயிற்றின் ஒவ்வொரு முனையிலும் காற்றுக்குத் தூக்காமலிருக்க ஒரு கனத்த கல். கயிறும் கல்லும் அம்மாவுக்குப் புதிதில்லை. எங்கள் கடற்கரையிலும் கீற்றுக் கூரைக்கு அதே வைத்தியம்தான். உள்ளே தறி, பெட்டிபோல் மூடிய கட்டில், சதுப்பிலிருந்து பாளம் பாளமாக வெட்டிக் காயவைத்து எரிக்கும் கறுத்த மண்கட்டிகள். ஒரு கட்டியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்த அம்மா, "நம்ம வறட்டி மாதிரில்ல இருக்கு, கனமே இல்ல" என்றார். வழிகாட்டிக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, பின்னர் வண்டியில் இருந்த எல்லாருக்கும் வறட்டி தட்டும் முறையை அம்மா விளக்க நேர்ந்தது.

அருங்காட்சியகத்துக்கு மேலேயுள்ள இடுகாட்டில் ஃபுளோரா மக்டொனால்டின் கல்லறை இருக்கிறது. 1746 ஏப்ரலில் பிரிட்டன் அரியணைக்கு உரிமை கோரிப் படைதிரட்டி, கலோடன் போரில் தோற்று ஒளிந்து திரிந்த இளவரசர் சார்லஸ் எட்வர்டை, பெட்டி பர்க் என்ற பணிப்பெண்ணாக வேடமிடச் செய்து, ஜூன் மாதத்தில் படகில் ஏற்றி இத்தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அந்தக் கதையை எந்தப் பயணக் கையேடும் சொல்லும். மாலையில் ஸ்லிகஹன் பழைய பாலத்தருகே வழிகாட்டி சொன்ன இன்னொரு கதையை அவ்வளவு எளிதாகக் கேட்க முடியாது. எதிரே தெரிந்த பென் லீ என்னும் மொட்டை மலையைக் காட்டினார். அதன் மேய்ச்சல் உரிமையை நிலக்கிழார் பறித்துக்கொண்டதால் பிரேய்ஸ் என்ற ஊரின் குடியானவர்கள் குத்தகை கட்ட மறுத்தார்கள்; 1882 ஏப்ரலில் அவர்களைக் கைதுசெய்யக் கிளாஸ்கோவிலிருந்து ஐம்பது காவலர்கள் வந்தபோது, ஊர்ப் பெண்கள் முன்னின்று கல்லெறிந்து எதிர்த்தார்கள். மறு ஆண்டு அமைந்த விசாரணை ஆணையம் தன் முதல் அமர்வை அந்தப் பிரேய்ஸிலேயே நடத்தியது. 1886-இல் வந்த சட்டம் குடியானவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்தது. வழிநெடுக நாங்கள் பார்த்த கூரையற்ற கற்சுவர்கள், அந்தச் சட்டம் வருவதற்கு முன் ஆடுகளுக்காக விரட்டப்பட்டவர்களின் வீடுகள் என்று அவர் சொன்ன பிறகு, திரும்பும் வழியில் கண்ணில் பட்ட ஒவ்வொரு சுவரும் வேறாகத் தெரிந்தது. பாலத்தடி ஆற்றில் முகத்தை நனைத்தால் அழியாத அழகு வரும் என்றொரு நம்பிக்கையும் அங்கே உண்டு. குழுவே குப்புற விழுந்து நனைத்தது. அம்மா கைநனைத்ததோடு நிறுத்திக்கொண்டார். அப்போது பத்து நிமிடம் மேகம் விலகி, கருங் கூலின் மலைகளின் பல்வரிசை முழுதாகத் தெரிந்தது. 992 மீட்டர் உயரமுள்ள சிகரமும் அவற்றில் உண்டு. அந்தப் பாறையின் காந்தத் தன்மை திசைகாட்டியையே ஏமாற்றுமாம்.

தங்குமிடத்தை நிறுவனத்தின் வழியாகவே பதிவு செய்திருந்தோம். அறை சுத்தம், காலை உணவு தாராளம். ஆனால் வீடு போர்ட்ரீயின் செங்குத்தான மேட்டில் இருந்தது. மூட்டுவலி உள்ளவர் வருகிறார் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இரவு உணவுக்கு முன்பதிவு இல்லாமல் போனால் துறைமுகத்து உணவகங்களில் இடம் கிடைப்பது கடினம். சமையலறைகளையும் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள். சைவர்கள் பயப்பட வேண்டாம்: ஹாகிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பண்டத்தைப் பருப்பும் ஓட்ஸும் மிளகும் சேர்த்துச் சைவமாகவும் செய்கிறார்கள். பருப்பு உசிலியில் கொஞ்சம் ஓட்ஸ் விழுந்துவிட்டது போன்ற சுவை. அம்மா இரண்டு இரவும் அதையே கேட்டு வாங்கினார். மிட்ஜ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சி செப்டம்பரில் குறைந்திருக்கும் என்றார்கள். காற்று ஓய்ந்த இடங்களிலெல்லாம் இருந்தது.

மூன்றாம் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெஸ் ஏரியில் படகுச் சவாரிக்குத் தனிக் கட்டணம். நாங்கள் போகாமல் ஃபோர்ட் அகஸ்டஸில் கலிடோனியன் கால்வாயின் ஐந்தடுக்கு மதகுகளில் படகுகள் படிப்படியாக இறங்குவதைக் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். காசில்லாமல் கிடைத்த நல்ல வேடிக்கை. இரவு எட்டுக்கு எடின்பரோ.

ஒற்றைச் சாலைகளில் ஓட்டத் தயங்குகிறவர்களுக்கும், மலையேற வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். நடக்க விரும்புகிறவர்கள் ஐந்து நாள் பயணமாகப் பார்க்கலாம். அல்லது இன்வெர்னஸ் வரை ரயிலில் வந்து அங்கிருந்து புறப்படும் குழுவில் சேரலாம், சாலையில் போகும் நேரம் பாதியாகக் குறையும். எதுவானாலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை நிமிடம் என்று பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஸ்டார் நடைக்குக் கொடுத்த நேரத்தையும், போகாத இடத்தின் படத்தைப் போட்டதையும் குறிப்பிட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நிறுவனம் இரண்டே நாளில் பணிவாகப் பதில் எழுதியது: வழிகாட்டியைப் பற்றிய பாராட்டை அவரிடம் தெரிவித்துவிட்டார்களாம், படத்தை மாற்றுவது பற்றிப் பரிசீலிப்பார்களாம். நேற்று இரவு அவர்களுடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். நீஸ்ட் முனைக் கலங்கரை விளக்கம் அங்கேயே நிற்கிறது.