வேர்ட் உறைந்தது, ஹார்டு டிஸ்க்கை மாற்றிவிட்டார்கள்

பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஒரே ஒரு மடிக்கணினியை நம்பி இதைச் செய்துவருகிறேன். சென்ற ஜூலையில் அந்த மடிக்கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்து 5,300 ரூபாயை இழந்தேன். பழுது என்று சொல்லப்பட்டது பழுதே அல்ல என்பது பின்னர்தான் தெரிந்தது. என்னைப் போல வேர்டை வைத்துப் பிழைக்கும் எவரும் இதே இடத்தில் மாட்டக்கூடும் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

விண்டோஸின் மாதாந்தரப் புதுப்பிப்பு, மாதத்தின் 2ஆவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வெளியாகும். நமக்கு அது செவ்வாய் இரவிலோ புதன்கிழமையிலோ வந்து சேரும். அன்று இரவு என் கணினியும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, காலையில் ஒன்றும் அறியாததுபோல் திறந்தது. அரை மணி நேரத்துக்குள் வேர்ட் உறைந்தது. திரை வெளுத்து, மேல் பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்து நின்றது. மூடித் திறந்தால் சிறிது நேரம் ஓடும். அட்டவணையோ படமோ உள்ள பக்கத்தை உருட்டியதும் மறுபடி நின்றுவிடும். வேர்ட் தானாகச் சேமிக்கும் இடைவெளி, நாம் மாற்றாதவரை 10 நிமிடம் என்பதால், ஒவ்வொரு முறையும் சில பத்திகள் போய்க்கொண்டிருந்தன. பிரவுசரோ மற்ற மென்பொருள்களோ எந்தத் தொல்லையும் தரவில்லை. வேர்ட் மட்டும் நிற்கிறது, அதுவும் புதுப்பிப்புக்கு மறுநாளிலிருந்து நிற்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை; ஆய்வேட்டை ஒப்படைக்க ஐந்து நாட்களே இருந்தன.

வெள்ளிக்கிழமை கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த இளைஞர் கணினியைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “அக்கா, ஹார்டு டிஸ்க் போயிருச்சு, எப்ப வேணா மொத்தமா நின்னுரும்” என்றார். எந்தச் சோதனையும் செய்து காட்டவில்லை. என் கோப்புகள் அழிந்துவிடும் என்ற அச்சத்தில் நானும் கேட்கவில்லை. புதிய எஸ்எஸ்டிக்கு (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்) 4,200 ரூபாய், வேலைக்கூலி 1,100 ரூபாய் என்றார்; யுபிஐ மூலம் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டபோது, விசிட்டிங் கார்டின் பின்புறம் தொகையை எழுதிக் கொடுத்து, “இதான் பில்லு” என்றார்கள்.

சனிக்கிழமை மாலை திரும்பி வந்த கணினி மிக வேகமாக ஓடியது. எஸ்எஸ்டி போட்டால் எந்தப் பழைய கணினியும் அப்படித்தான் ஓடும். அந்த வேகம்தான் என்னை ஏமாற்றியது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ஆகிய இரண்டு கோப்புறைகளை மட்டும் நகலெடுத்து வைத்திருந்தார்கள். நான் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆட்டோ கரெக்ட் பட்டியலும், தனி அகராதியும், பக்க அமைப்புகள் அடங்கிய நார்மல் டெம்ப்ளேட்டும் ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறையில் இருப்பவை என்பதால் அவை எதுவும் வரவில்லை. இதற்கிடையில் செவ்வாய்க்கிழமை காலை வேர்ட் அதே போல உறைந்தது. மறுநாள் கடைக்குப் போனால், இம்முறை ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) போதவில்லை, இன்னும் 2,400 ரூபாய் ஆகும் என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகள் வியாழக்கிழமை வந்து பார்த்தாள். முதலில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்தாள். அப்படித் திறந்தால் ஆட்-இன்கள் (வேர்டுடன் இணைந்து இயங்கும் துணை மென்பொருள்கள்) ஏதும் ஏறாத சேஃப் மோடில் திறக்கும். அதிலும் உறைந்ததால் ஆட்-இன்கள் மீதிருந்த ஐயம் விலகியது. அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடினால் வரும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தாள். எந்த நாளில் என்ன நிறுவப்பட்டது, எந்த மென்பொருள் எப்போது நின்றது என்பதை நாட்காட்டிபோல் காட்டும் இப்பக்கம் எல்லா விண்டோஸ் கணினியிலும் இருக்கிறது. பழுது பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர் இதைத் திறக்காமல் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எஸ்எஸ்டி போட்டபின் வந்த திங்கள் மாலை கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் வரையும் வன்பொருளை இயக்கும் மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டதாகவும், செவ்வாய் காலை முதல் வேர்ட் நிற்கத் தொடங்கியதாகவும் அதில் பதிவாகியிருந்தது. புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவியபின், அது அதே டிரைவரை மறுபடியும் தானே இறக்கிக்கொண்டிருக்கிறது. வேர்ட் எழுத்தையும் படத்தையும் திரையில் வரைவதற்கு கிராஃபிக்ஸ் வன்பொருளைப் பயன்படுத்துவதால், அந்த டிரைவர் ஒத்துப்போகாவிட்டால் உறைந்துவிடும்.

வேர்டின் ஆப்ஷன்ஸ் பகுதியில், அட்வான்ஸ்டு என்பதன் கீழ், கிராஃபிக்ஸ் முடுக்கத்தை, அதாவது வரையும் வேலையை அந்த வன்பொருளிடம் விடுவதை, நிறுத்தும் கட்டத்தை டிக் செய்தாள். இரண்டு மணி நேரம் ஒரு முறைகூட நிற்கவில்லை. காரணம் உறுதியானதும், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் பண்புகளுக்குப் போய், ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழைய பதிப்புக்குத் திருப்பி, புதிய டிரைவர் மீண்டும் இறங்கிவிடாதபடி புதுப்பிப்புகளைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைத்தாள். செலவு ஒரு ரூபாயும் இல்லை.

அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். நான் விலை கொடுத்து வாங்கிய ஆபீஸ் ஹோம் அண்ட் பிசினஸ் 2019க்குப் பதிலாக, திருட்டு ஆக்டிவேட்டர் (உரிமம் இல்லாமலே மென்பொருளை இயங்க வைக்கும் நிரல்) மூலம் இயங்கும் ப்ரொஃபெஷனல் பிளஸ் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. அந்த ஆக்டிவேட்டரைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக, விண்டோஸின் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டரில் ஒரு கோப்புறைக்கு விலக்கும் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளரின் வீட்டுப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பழைய ஹார்டு டிஸ்க்கைத் திருப்பித் தரும்படி கேட்டபோது, அதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை. இரண்டு முறை நேரில் போய்ச் சத்தம் போட்டபின், ஒன்பதாம் நாள் கொடுத்தார்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சோதித்தபோது ‘குட்’ என்றே காட்டியது. ஆட்டோ கரெக்ட் பட்டியல் உட்பட எல்லாம் அதில் அப்படியே இருந்தன; மாணவர்களின் வெளிவராத ஆய்வேடுகளும் என் வங்கி ஆவணங்களும்கூட, பூட்டின்றி, ஒன்பது நாட்களாக அந்தக் கடையில் கிடந்திருக்கின்றன. அடுத்த முறை கணினியைக் கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், டிஸ்க்கைச் சோதித்த முடிவைக் கண்ணால் பார்க்காமலும், ‘கேட்காமல் ஃபார்மெட் செய்யக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதி வாங்காமலும் கொடுக்கப்போவதில்லை.

விற்ற பொருளுக்கும் செய்த பணிக்கும் பில் தராமலிருப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். புகார் போனதும் கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, கூலி 1,100 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். எஸ்எஸ்டி என்னிடம்தான் இருக்கிறதாம், அதற்குப் பணம் தர முடியாதாம். பில்லாவது கொடுங்கள் என்றேன். இன்னும் வரவில்லை.